கிளை நூலகத்தில் மாதம் ஒரு கதை நேரம்: நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ மாதம் ஒருமுறை குழந்தைகளும் பெற்றோரும் வந்து உட்கார்ந்து கதை கேட்க வேண்டும், கையால் ஏதாவது செய்து பார்க்க வேண்டும், போகும்போது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதான் திட்டம். 4 முதல் 11 வயது வரையுள்ள 25 குழந்தைகள், ஒன்றேகால் மணி நேரம், நடத்துவதற்கு மூன்று பேர் என்ற கணக்கில் இதை எழுதியிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் அமைப்புக்குப் பெயர் வைப்பார்கள், அப்புறம் போஸ்டர், அப்புறம் சிறப்பு விருந்தினர். என்ன கதை சொல்வது என்ற பேச்சு முந்தின நாள் ராத்திரிதான் வரும். கீழே உள்ள வரிசையில் போஸ்டர் ஏழாவது இடத்தில் வருகிறது, சிறப்பு விருந்தினர் வரவே மாட்டார். ஐந்து வாரம் முன்பே ஆரம்பித்தால் அவசரம் இருக்காது.

1. முதலில் நூலகரைப் பாருங்கள்

வேறு யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் நூலகரைப் போய்ப் பாருங்கள். காரணம் எளிது: சாவி அவரிடம் இருக்கிறது. நீங்கள் நாளைக் குறித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து நின்றால், அவர் மறுக்க முடியாமல் சம்மதிப்பார். அப்படிக் கிடைத்த சம்மதம் இரண்டாவது மாதம் தாங்காது.

பல கிளை நூலகங்களில் ஒரே ஒருவர்தான் வேலை பார்க்கிறார். பகுதிநேர நூலகமாக இருந்தால் திறந்திருக்கும் நேரமே குறைவு. அதனால் உங்கள் பேச்சின் முதல் வரி “உங்களுக்குக் கூடுதல் வேலை வராது” என்பதாக இருக்கட்டும். பாய் விரிப்பது, கூட்டுவது, நாற்காலியைப் பழைய இடத்தில் போடுவது, கலைந்த புத்தகத்தை அடுக்குவது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்யவும் வேண்டும்.

வாசகர் வட்டம் செயல்படுகிற நூலகமாக இருந்தால் அதன் பெயரிலேயே நடத்திவிடுங்கள். தனி அமைப்பின் பெயரில் போனால் “யார் இவர்கள், எந்தக் கட்சி?” என்ற கேள்வி கட்டாயம் வரும். வாசகர் வட்டம் என்றால் வராது.

வாய்ச்சொல் போதாது, ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நூலகருக்கு முகவரியிட்டு, மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு நகல். நாள், நேரம், எத்தனை குழந்தைகள், கட்டணம் இல்லை, கட்சி மத நிகழ்ச்சி இல்லை, பொறுப்பாளர் யார், அவருடைய கைபேசி எண். நூலகருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்து வருகிறவரிடம் காட்ட இந்தக் காகிதம்தான் இருக்கும். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே இடத்தையும் பார்த்துவிடுங்கள். கழிவறை பூட்டியிருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, எந்த மின்விசிறி சுற்றவில்லை, வாசல் நேராகச் சாலையில் இறங்குகிறதா? இவற்றில் எல்லாரும் மறப்பது கழிவறையை. ஒன்றேகால் மணி நேரத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றாவது கட்டாயம் கேட்கும்.

இடம் மிகவும் சிறியதாக இருந்தால் பக்கத்துத் தொடக்கப் பள்ளியையோ சமுதாயக் கூடத்தையோ கேட்கலாம். ஆனால் அப்போது நூலகத்துப் புத்தகங்களை அங்கே கொண்டுபோக அனுமதி தனியாக வாங்க வேண்டும். புத்தகம் இல்லாத இடத்தில் கதை நேரம் நடத்தினால் பாதி பயன் போய்விடும்.

2. நாளையும் நேரத்தையும் நிரந்தரமாக வையுங்கள்

“மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, காலை 10 மணி.” இப்படி ஒரே மூச்சில் சொல்ல முடிகிற மாதிரி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் வசதியைப் பார்த்து நாளை மாற்றினால், ஒவ்வொரு மாதமும் புதிதாக விளம்பரம் செய்ய வேண்டி வரும். நிரந்தர நாள் என்றால் ஒரு பெற்றோர் இன்னொருவரிடம் சொல்வதே போதும்.

ஞாயிறு சரிப்படுமா என்பதை நூலகத்தின் விடுமுறைப் பலகையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதால் ஞாயிறு திறந்திருக்கும். இரண்டாவது சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

மாலை நேரம் வேண்டாம். டியூஷன், இருட்டு, மின்வெட்டு, மழை என்று நான்கு காரணம். காலை ஒன்பது மணியும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பாதி வீடுகளில் ஒருவர் கறிக்கடை வரிசையில் நிற்பார்.

முதல் ஆறு மாதத்துக்கான தேதிகளைத் தினசரி காலண்டரில் வைத்துப் பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் கூட்டம் குறையும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வுகள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் ரத்து செய்ய வேண்டாம், குறைந்த கூட்டத்துக்குத் தயாராக இருங்கள். ஊர்க் கோயில் திருவிழா நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு நடத்தினால் ஒலிபெருக்கிதான் கதை சொல்லும்.

3. வயதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

4 முதல் 7 வரை ஒரு வட்டம், 8 முதல் 11 வரை இன்னொரு வட்டம். பாட்டுக்கும் முதல் கதைக்கும் எல்லாரும் ஒன்றாக இருக்கலாம். அதற்குப் பிறகு பிரியுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை சின்னப் பிள்ளைகளின் கதையைக் கேட்டு “இது பாப்பா கதை” என்று சொல்லிவிட்டால், அடுத்த மாதம் தம்பியை மட்டும் அனுப்பிவிட்டு அவன் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான்.

ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள். பாட்டியோ, சித்தியோ, அக்காவோ யாராக இருந்தாலும் சரி. இல்லாவிட்டால் கதை நேரம் இலவசக் குழந்தைகள் காப்பகமாக மாறிவிடும்.

4. கதையைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

முதலில் தேட வேண்டிய இடம் அந்த நூலகத்தின் அலமாரிதான். நீங்கள் சொன்ன கதை இருக்கிற புத்தகத்தைக் குழந்தை அங்கேயே எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதுதான் காரணம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசைப் புத்தகங்கள் பழைய நூலகங்களில் கீழ்த் தட்டில் தூசியோடு கிடைக்கும். படங்கள் நன்றாக இருக்கும், எடுத்துத் துடைத்து முன்னால் வையுங்கள்.

அலமாரியில் ஒன்றும் தேறவில்லை என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். தமிழில் நிறையப் படக்கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் உள்ள பக்கத்தை வெட்டிவிடாதீர்கள், உரிமத்தின் நிபந்தனையே அதுதான். கடையில் விற்கிற புத்தகத்தை 25 பிரதி ஜெராக்ஸ் எடுப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ பழைய இதழ்கள் உதவும். பள்ளிக் கல்வித்துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் அப்படியே. அதே துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் அரசுப் பள்ளிகளில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் கேட்டால் பார்க்கக் கொடுப்பார்.

எப்படிப்பட்ட கதை? சத்தமாகப் படித்தால் எட்டு முதல் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரியோ சத்தமோ இருக்க வேண்டும், ஏனென்றால் மூன்றாவது முறை அதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். நாலைந்து பேருக்கு மேல் பாத்திரங்கள் வேண்டாம். கடைசியில் “ஆகவே குழந்தைகளே” என்று தொடங்கும் பத்தி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அந்த வரியைக் கேட்டதும் பிள்ளைகள் எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவார்கள்.

இப்போது முக்கியமான முடிவு: கதையை வாசிக்கப் போகிறீர்களா, சொல்லப் போகிறீர்களா? இரண்டும் வேறு வேலை. வாசிப்பதென்றால் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள், எழுத்துத் தமிழ் காதில் விழுந்து பழகட்டும். சொல்வதென்றால் உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். புதியவர்கள் இரண்டையும் கலந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மேடைப் பேச்சுத் தமிழில் சொல்கிறார்கள். “அவன் மிகுந்த மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினான்” என்று வாயால் சொன்னால் அது பாடம் ஒப்பிப்பது.

ஒரு சின்ன உதாரணம். எழுத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “வியாபாரி கழுதையை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். கழுதை நகர மறுத்தது. வியாபாரி மீண்டும் இழுத்தார்.” சொல்லும்போது இப்படி ஆகும்: “வியாபாரி கயித்தப் புடிச்சு இழுத்தாரு. கழுதை வந்துச்சா?” இங்கே நிறுத்துங்கள். யாராவது ஒரு பிள்ளை “வரல!” என்று கத்தும். “இன்னொரு இழு இழுத்தாரு. இப்ப வந்துச்சா?” இந்த முறை பத்துப் பேர் கத்துவார்கள். எழுத்தில் மூன்று வாக்கியமாக இருந்தது, குழந்தைகள் சேர்ந்து நடத்துகிற காட்சியாகிவிட்டது. கதையை எடுத்ததும் இப்படி நிறுத்துவதற்கு மூன்று நான்கு இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வைத்தால் கதை நகராது.

பழகும்போது மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் வரி, திரும்ப வருகிற வரி, கடைசி வரி இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதைக் காட்சி காட்சியாக நினைவில் வைத்தால் போதும். முழுவதையும் ஒப்பிக்கிறவர், நடுவில் ஒரு குழந்தை “அந்தக் கழுதைக்குப் பேரு என்ன?” என்று கேட்டவுடன் நூல் அறுந்து நின்றுவிடுகிறார்.

படப் புத்தகத்தை வாசிப்பதென்றால் 25 பேருக்கு ஒரு சின்னப் புத்தகம் தெரியாது. 12 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு பேர் வாசியுங்கள். புத்தகத்தைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் பிடித்து, நீங்கள் ஓரக்கண்ணால் படிக்க வேண்டும். இது முதல் முறை கழுத்து வலிக்கிற வேலைதான், வீட்டில் ஒருமுறை கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள். புரொஜெக்டர் வேண்டாம் என்பேன். பகல் வெளிச்சத்தில் படம் தெரியாது, ஜன்னலை மூடினால் வேர்க்கும், ஒயர் காலில் தட்டும்.

ஊரில் கதை சொல்லத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழையுங்கள். மைக்கைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிடாதீர்கள், அவருக்கு வாய் அடைத்துவிடும். நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து ‘ம்’ கொட்டுங்கள். ‘ம்’ கொட்ட ஆள் இருந்தால்தான் அவர்களுக்குக் கதை ஓடும். நிகழ்ச்சிக்கு முன்பே வீட்டுக்குப் போய் அந்தக் கதையை ஒருமுறை கேட்டுவிடுங்கள். சில பழைய கதைகளில் சாதியைச் சொல்லிக் கிண்டல் செய்யும் இடம் வரும். அதைப் பக்குவமாகப் பேசி விலக்கவோ, வேறு கதை கேட்கவோ அப்போது நேரம் இருக்கும்.

5. நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரல் எழுதுங்கள்

10.00 – 10.15: புத்தகம் பார்க்கும் நேரம். பாயில் முப்பது நாற்பது புத்தகங்களை அட்டை தெரியும்படி பரப்பி வையுங்கள். பத்து மணி என்றால் பத்தேகாலுக்குத்தான் வருவார்கள். இந்தக் கால் மணி நேரம் இருந்தால் நேரத்துக்கு வந்தவர்கள் சும்மா உட்கார வேண்டாம், தாமதமாக வந்தவர்களும் எதையும் இழக்க மாட்டார்கள்.

10.15 – 10.20: இரண்டு விடுகதை அல்லது ஒரு பாட்டு. கவனத்தை ஒரு பக்கம் திருப்ப.

10.20 – 10.30: முதல் கதை, சொல்வது. எல்லாரும் ஒன்றாக.

10.30 – 10.50: கைவேலை, இரண்டு வட்டமாக.

10.50 – 11.00: இரண்டாவது கதை, வாசிப்பது. வட்டத்துக்கு ஒரு கதை.

11.00 – 11.15: புத்தகம் எடுப்பது, பதிவு, கிளம்புவது.

சொல்வது முன்னால், வாசிப்பது பின்னால் என்ற வரிசையை மாற்றாதீர்கள். வந்தவுடன் பிள்ளைகளிடம் துள்ளல் இருக்கும், கத்திப் பங்கேற்கிற கதை அப்போது எடுபடும். கைவேலை முடிந்து அடங்கிய பிறகு வாசிப்பைக் கேட்பார்கள். வாசித்த புத்தகம் கண் முன்னால் இருக்கும்போதே புத்தகம் எடுக்கும் நேரம் வந்துவிடுவதும் இதில் ஒரு வசதி.

இந்த நிரலில் வரவேற்புரை இல்லை, குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை. சிறப்பு விருந்தினரை அழைத்தால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தபின் பேச விட வேண்டும், பேசியபின் நன்றி சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும், பிள்ளைகள் அதற்குள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்திருப்பார்கள். கவுன்சிலரோ புரவலரோ வந்தே தீருவேன் என்றால் வரட்டும். பாயில் உட்கார வைத்து, ஒரு பக்கக் கதையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பிடித்துத்தான் போகிறது.

6. கைவேலையையும் சாமான்களையும் தயார் செய்யுங்கள்

“கேட்ட கதையைப் படமாக வரைங்க” என்பது எளிது. ஆனால் மூன்றாவது மாதமே சலித்துவிடும். வரையத் தயங்குகிற பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்த்து வரையும். ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் செய்ய வைப்பது என் முதல் தேர்வு. பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம், செலவு தாள் ஒன்றுதான். செய்முறை இது.

தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடித்ததை அதே திசையில் இன்னொரு முறை மடித்து, முழுவதும் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி அகலவாக்கில் ஒரே ஒரு மடிப்பு மடித்து, மடிப்பு உள்ள பக்கத்திலிருந்து நடுக் கோட்டின் மேல் அடுத்த மடிப்புக் கோடு வரை கத்தரியால் வெட்டுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்பக்கமாகத் தள்ளுங்கள். பிளவு விரிந்து கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம் தயார்.

எல்லாரும் தவறுவது வெட்டும் இடத்தில். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் தாள் பிளந்து புத்தகமாக நிற்காது. அதனால் சின்ன வட்டத்துக்கு முந்தின நாளே மடித்து வெட்டி வைத்துவிடுங்கள், அவர்கள் எழுதவும் வரையவும் மட்டும் செய்யட்டும். பெரிய வட்டத்தில் வெட்டும் பக்கத்தில் பென்சில் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் கத்தரியைக் கொடுங்கள். முன் அட்டையில் தலைப்பும் எழுதியவர் பெயரும், பின் அட்டையில் ‘விலை’யும் போடச் சொல்லுங்கள். விலை போடும் இடத்தில் வருகிற சந்தோஷம் தனி.

வாங்க வேண்டியவை: ஏ4 தாள், மெழுகு வண்ணக்குச்சி, பென்சில், முனை மழுங்கிய கத்தரி நான்கு, பெயர் எழுதி ஒட்ட காகித டேப். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை தரையிலும் நூலகப் புத்தகத்திலும் இறங்கிவிடும். ஜமக்காளம் யாராவது வீட்டில் கிடைக்கும். 25 பிள்ளைகளுக்கு மைக் தேவையில்லை. மைக் இருந்தால் பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தின்பண்டம் கொடுப்பதானால் சுண்டல் அல்லது வாழைப்பழம். அதையும் 11.15-க்கு, வாசலில், புத்தகம் பைக்குள் போன பிறகு. நடுவில் கொடுத்தால் எண்ணெய்க் கை அப்படியே புத்தகத்துக்குப் போகும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

7. இப்போது அழைப்பு அனுப்புங்கள்

பத்து நாள் முன்பு ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒருமுறை. நடுவில் தினமும் அனுப்பினால் குழுவை ம்யூட்டில் போட்டுவிடுவார்கள்.

வாட்ஸ்அப் செய்தியில் இருக்க வேண்டியவை: நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நூலகத்துக்கு அடையாளம் (“பழைய தபால் நிலையம் எதிரில்” என்கிற மாதிரி), வயது, கட்டணம் இல்லை, ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் கூட வர வேண்டும், உறுப்பினர் அட்டைக்குக் கொண்டுவர வேண்டியவை. முடியும் நேரத்தை நிறையப் பேர் எழுதுவதில்லை. பெற்றோருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும், சமையல் அதை ஒட்டித்தான் நடக்கும்.

வாட்ஸ்அப்போடு நின்றால் ஏற்கெனவே வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஆகியோரை நேரில் பாருங்கள். ரேஷன் கடையிலும் பால் பூத்திலும் கையால் எழுதிய ஒரு தாளை ஒட்டுங்கள். படிக்கத் தயங்குகிற பெற்றோருக்கு அரை நிமிடக் குரல் செய்தி அனுப்புங்கள்.

குழந்தையின் பெயரும் வயதும் பதில் செய்தியாக வரட்டும். தாள், கத்தரி கணக்குக்கு அது வேண்டும். பதிவு செய்த எல்லாரும் வர மாட்டார்கள், பதிவு செய்யாத சிலர் வந்து நிற்பார்கள். ஏழெட்டுத் தாள் கூடுதலாக வையுங்கள், யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

8. பாதுகாப்பு ஏற்பாடுகள்

வருகைத் தாளில் குழந்தை பெயர், கூட வந்தவர் பெயர், கைபேசி எண். போகும்போது அழைத்துப் போகிறவரின் கையெழுத்து. “பக்கத்து வீடுதான், நானே போய்க்கிறேன்” என்று சொல்கிற எட்டு வயதுப் பிள்ளையை, வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லாமல் விடாதீர்கள்.

எந்த நேரத்திலும் இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும். வாசலில் ஒருவர் கடைசிவரை உட்கார வேண்டும், சாலை பக்கத்தில் இருந்தால் இது கட்டாயம். கழிவறைக்கு அந்தக் குழந்தையோடு வந்தவரே கூட்டிப்போகட்டும்.

படம் எடுக்கலாமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்தாலே நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று தெரியும். பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் சேர்த்துப் படத்தோடு எங்கும் போடாதீர்கள்.

ஏதாவது ஒரு குழந்தை உங்களிடம் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மூன்று பேர் கைபேசியிலும் அது இருக்கட்டும்.

9. அன்றைக்கு என்னென்ன நடக்கும்

ஒன்பதரைக்கே போய்விடுங்கள். மின்விசிறிக்குக் கீழே பாய் விரியுங்கள். கதை சொல்பவர் வாசலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், பிள்ளைகளின் முதுகு வாசல் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் 25 தலைகள் திரும்பிப் பார்க்கும்.

அதிகம் தொந்தரவு வருவது பெற்றோரிடமிருந்துதான். “சொல்லு, சொல்லு, உனக்குத்தான் தெரியுமே” என்று பின்னாலிருந்து குத்துவார்கள். பிள்ளையின் படத்தை வாங்கித் தானே வண்ணம் அடிப்பார்கள். இதற்கு அறிவுரை சொல்வதைவிட வேலை கொடுப்பது நல்லது. வருகைத் தாள், கத்தரி எண்ணுவது, புத்தகம் அடுக்குவது என்று ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். வீட்டில் சொல்லும் கதையோ விடுகதையோ தெரிந்தவர் யார் என்று கேட்டு அடுத்த மாதத்துக்குப் பெயர் குறித்துக்கொள்ளுங்கள்.

வாயே திறக்காத பிள்ளையை விட்டுவிடுங்கள். “நீ ஏன் பேச மாட்டேங்குற?” என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அது அடுத்த முறை வராது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பென்சில் பெட்டியைக் கொடுத்து எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லலாம், அது போதும்.

போட்டி வேண்டாம், முதல் பரிசு வேண்டாம். பரிசு என்று வந்தவுடன் யார் வரைந்தது என்ற வழக்கு வரும், பரிசு கிடைக்காத பதினைந்து பேர் முகம் சுருங்கி வீட்டுக்குப் போவார்கள். சான்றிதழ் கேட்டு வருகிற பெற்றோர் உண்டு, அவர்களிடம் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கதை எடுபடவில்லை என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைகள் பாயின் நாரைப் பிய்க்க ஆரம்பிப்பார்கள். குரலை உயர்த்தாதீர்கள், நடுவில் உள்ள ஒரு காட்சியை விட்டுவிட்டு முடிவுக்குப் போங்கள். இரண்டு விடுகதை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

10. புத்தகத்தோடு அனுப்புங்கள்

இந்தக் கடைசிக் கால் மணி நேரத்தைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள், முன்னால் நேரம் இழுத்துவிட்டது என்று. இழுத்திருந்தால் இரண்டாவது கதையை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

உறுப்பினர் சேர்க்கைப் படிவங்களை ஒரு வாரம் முன்பே நூலகரிடம் வாங்கி, என்ன ஆவணம், எவ்வளவு காப்புத்தொகை, சந்தா என்று கேட்டு அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். சிறிய தொகைதான். ஆனால் சில்லறை இல்லை, ஆதார் நகல் இல்லை என்பதாலேயே நிறையப் பேர் “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று போய்விடுகிறார்கள். ஒருவர் படிவம் நிரப்ப உதவ, ஒருவர் நூலகர் பக்கத்தில் நின்று வரிசையைப் பார்க்க வேண்டும். ஒரே ஆளாக 25 பதிவு போடுவது நூலகருக்குச் சிரமம்.

எந்தப் புத்தகம் என்பதைக் குழந்தையே எடுக்கட்டும். “இது உனக்கு ரொம்பச் சின்னது, அந்தப் பொது அறிவுப் புத்தகத்தை எடு” என்று அப்பா சொல்வார். நீங்கள் அந்த இடத்தில் மெதுவாகக் குறுக்கே போய், குழந்தை எடுத்ததைப் பதிவுக்கு அனுப்பிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் தேதி அடுத்த கதை நேரத்துக்கு முன்பே வந்துவிடும். தவணைக்கு இரண்டு நாள் முன்பு குழுவில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். நடுவில் ஒருமுறை நூலகத்துக்கு வர அதுவே ஒரு காரணமாகும்.

11. கிளம்பியபின் செய்ய வேண்டியது

நூலகத்தைப் பழையபடி வைத்து, நூலகரோடு ஒரு டீ குடியுங்கள். அவருக்கு எது தொந்தரவாக இருந்தது என்று அப்போதுதான் சொல்வார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கே ஒரு பக்கம் எழுதுங்கள்: வந்தவர்கள் எண்ணிக்கை, சொன்ன கதை, பிள்ளைகள் எந்த இடத்தில் சேர்ந்து கத்தினார்கள், எந்த இடத்தில் கவனம் போனது, எந்தப் புத்தகங்கள் போயின, செலவு எவ்வளவு. செலவைக் குழுவிலும் போட்டுவிடுங்கள், தொகை சிறியதானாலும் கேள்வி வராது.

மூன்றாவது மாதம் கூட்டம் குறையும். புதுமை போய், பழக்கம் இன்னும் வராத நேரம் அது. எட்டுப் பிள்ளைகள் வந்தாலும் அதே நிரலில் நடத்துங்கள். முதல் கூட்டத்தை ஏப்ரல் 2 சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினம், ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம் போன்ற நாட்களில் வைக்காதீர்கள், அது ஒருநாள் விழாவாக முடிந்துவிடும். நான்கைந்து மாதம் ஓடியபின், நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரத்தில் பிள்ளைகள் செய்த குட்டிப் புத்தகங்களை ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு ஒரு கண்காட்சி வைக்கலாம். ‘விலை’ போட்டது அங்கே வேலைக்கு ஆகும்.

தொடர்ந்து இரண்டு மாதம் 35 பேருக்கு மேல் வந்தால் ஒரே நாளில் கூட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். சின்ன வட்டத்தை மூன்றாவது ஞாயிறிலேயே விட்டுவிட்டு, பெரிய வட்டத்தை முதல் ஞாயிறுக்கு மாற்றுங்கள். அதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். வருகைத் தாளைப் பார்த்துக்கொண்ட அம்மாக்களில் யார் கதை சொல்லும்போது தாளை விட்டுவிட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நோட்டில் குறித்திருந்தால், யாரைக் கேட்பது என்பது தெரிந்திருக்கும்.